சித்தியிடம் கைரேகை வாங்கி நிலத்தை எழுதிக்கொண்டார்கள், யாரிடம் போவது?

ஓசூர் பொண்ணு:

எல்லோருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் அம்மாவின் தங்கைக்கு 41 வயது. பிறவியிலேயே அறிவுசார் குறைபாடு, அடையாள அட்டையில் 75 சதவீதம் என்று போட்டிருக்கிறது. பேச்சு தெளிவாக வராது, ஆனால் பழகினவர்களுக்கு எல்லாமே புரியும். தாத்தா இருந்தவரை சித்தி அவர் நிழலிலேயே இருந்தார். ஆடு மேய்ப்பார், முற்றம் பெருக்குவார், நான் லீவுக்குப் போனால் கையைப் பிடித்துக்கொண்டு கிணறு வரைக்கும் கூட்டிப் போவார்.

தாத்தா போன வருடம் இறந்துவிட்டார், ஆயா அதற்கு முன்பே போய்விட்டார். 1 ஏக்கர் 80 சென்ட் நிலம், தாத்தா சொந்தமாகச் சம்பாதித்து வாங்கியது. காரியம் முடிந்த மூன்றாவது மாதம் பெரிய மாமா அம்மாவையும் சித்தியையும் பத்திர ஆபீசுக்குக் கூட்டிப்போய், தங்கள் பங்கை அவருக்கு விட்டுக்கொடுப்பதாக விடுதலைப் பத்திரம் எழுதி வாங்கிக்கொண்டார். அம்மா கையெழுத்துப் போட்டார், சித்தியின் பெருவிரலைப் பிடித்து ரேகை வைத்தார்கள். அம்மா தன் பங்கைப் பற்றிக் கவலைப்படவில்லை, "அண்ணன்தானே அவளைக் கடைசிவரை பார்த்துக்கப் போறார்" என்று நினைத்துத்தான் பேசாமல் இருந்தார்.

இப்போது சித்தியை மாட்டுக்கொட்டகையை ஒட்டின அறையில் படுக்க வைத்திருக்கிறார்கள். மாதம் வரும் 2,000 ரூபாய் உதவித்தொகையின் ஏடிஎம் கார்டு மாமா கையில். பொங்கலுக்குப் போனபோது சித்தியின் முழங்கையில் கன்றிப்போன தழும்பு, கேட்டால் அத்தையைப் பார்த்துவிட்டு வாயை மூடிக்கொள்கிறார். காவல் நிலையத்துக்குப் போனேன், குடும்பத் தகராறு, ஊர்ப் பெரியவர்களை வைத்துப் பேசிக்கொள்ளுங்கள் என்று அனுப்பிவிட்டார்கள். ஒரு வக்கீல் முன்பணம் மட்டும் 25,000 கேட்டார். நான் கம்பெனி வேலையில் இருக்கிறேன், அவ்வளவு முடியாது.

இந்த மாதிரி மனிதர்களுக்காக வாதாட, பாதுகாக்க என்று அரசாங்கத்தில் ஏதாவது இருக்கிறதா? அக்கா மகள் நான் புகார் கொடுத்தால் எடுத்துக்கொள்வார்களா?


பேனல் வக்கீல்:

வணக்கம்மா. நான் வட மாவட்டம் ஒன்றில் இலவச சட்ட உதவிப் பட்டியலில் இருக்கும் வழக்கறிஞர்.

முதலில் அந்த 25,000 கவலையை விடுங்கள். 1987-ம் வருட சட்டப் பணிகள் ஆணையச் சட்டத்தின் 12-வது பிரிவில், மாற்றுத்திறனாளிக்கு இலவச வழக்கறிஞர் உண்டு, அதற்கு வருமான வரம்பு கிடையாது. பெண் என்ற காரணத்துக்கும் தனியாக உண்டு. ஆக உங்கள் சித்திக்கு இரண்டு வழியிலும் உரிமை இருக்கிறது. மாவட்ட நீதிமன்ற வளாகத்திலேயே மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு அலுவலகம் இருக்கும், வட்ட அளவிலும் நீதிமன்றத்தில் குழு இருக்கும். வெள்ளைத்தாளில் நடந்ததை எழுதி, அடையாள அட்டை நகலை வைத்துக் கொடுத்தால் போதும். வழக்கறிஞர் கட்டணம், நீதிமன்றக் கட்டணம் இரண்டையும் அவர்களே ஏற்பார்கள். நேரில் போகுமுன் விவரம் கேட்க 15100 என்ற எண்ணுக்கு அழைக்கலாம்.

அடுத்தது அவருடைய பாதுகாப்பு. நிலத்துக்கு முன்னால் இதைத்தான் செய்ய வேண்டும். மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் 2016, பிரிவு 7 என்பதை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். கொடுமை, வன்முறை, சுரண்டல் நடக்கிறது என்று நம்பக் காரணம் உள்ள யார் வேண்டுமானாலும் நிர்வாக நடுவரிடம் தகவல் கொடுக்கலாம். நிர்வாக நடுவர் என்றால் உங்கள் கோட்டாட்சியர், அதாவது ஆர்டிஓ. அக்கா மகள் என்ன, பக்கத்து வீட்டுக்காரர்கூடக் கொடுக்கலாம். அவரை மீட்க, ஜீவனாம்சம் வாங்கித்தர எல்லாம் கோட்டாட்சியருக்கு அதிகாரம் இருக்கிறது. இதே பிரிவில் காவல்துறைக்கும் கடமை சொல்லியிருக்கிறது: பாதுகாப்பு கேட்கும் உரிமை உண்டு, எந்த நடுவரிடம் போக வேண்டும், இலவச சட்ட உதவி உண்டு, அருகில் எந்த அமைப்பு இருக்கிறது, இதையெல்லாம் அவர்களே உங்களுக்குச் சொல்லியிருக்க வேண்டும். பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள் என்று அனுப்ப அவர்களுக்கு உரிமை இல்லை. புகாரை வாங்க மறுத்தால் அதே புகாரை மாவட்ட எஸ்பிக்குப் பதிவுத் தபாலில் அனுப்பி, ரசீதைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொரு வழியைப் பலர் மறந்துவிடுகிறார்கள். குடும்ப வன்முறைச் சட்டம் 2005 மனைவிக்கு மட்டும் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். கூடப் பிறந்த சகோதரி ஒரே வீட்டில் இருந்தால் அவருக்கும் அது பொருந்தும். உதவித்தொகையைப் பிடுங்கிக்கொள்வது அதில் பொருளாதார வன்முறை. மாவட்ட சமூக நல அலுவலகத்தில் இருக்கும் பாதுகாப்பு அலுவலரைப் பாருங்கள், அவசரம் என்றால் 181.

நிலத்துக்கு: தாத்தா சுயமாகச் சம்பாதித்த சொத்து, உயில் இல்லை என்றால் மகளுக்கு மகனுக்குச் சமமான பங்கு. நோயோ உடல் குறையோ இருப்பதால் வாரிசுரிமை போகாது என்று இந்து வாரிசுரிமைச் சட்டம் 28-வது பிரிவு நேரடியாகவே சொல்கிறது. பத்திரத்தை ரத்து செய்ய, விவரம் தெரிந்த நாளிலிருந்து பொதுவாக 3 வருடம். நாள் தள்ளாதீர்கள். பதிவுத்துறை இணையதளத்தில் வில்லங்கம் பார்த்து ஆவண எண்ணை எடுத்து, நகலுக்கு மனு போட்டுவிடுங்கள்.


சங்கத்துத் தோழர்:

வக்கீல் சார் சொன்னதெல்லாம் சரி. நான் போலியோவால் சக்கர நாற்காலியில் இருப்பவன், 20 வருடமாகச் சங்க வேலை. தோழர், ஒரே ஒரு கேள்வி. உங்கள் பதிவு முழுக்க மாமா, அத்தை, அம்மா, போலீஸ், வக்கீல் எல்லோரும் பேசுகிறார்கள். சித்தி என்ன சொல்கிறார்? அவரைத் தனியாக உட்காரவைத்து யாராவது கேட்டீர்களா?

குற்றம் சொல்ல இதைக் கேட்கவில்லை. பிரிவு 7-லேயே, பாதுகாப்பான இடத்தில் வைப்பது அந்த நபர் விரும்பினால்தான் என்று இருக்கிறது. 2009-ல் சண்டிகர் காப்பகத்தில் இருந்த, அறிவுசார் குறைபாடு உள்ள ஒரு பெண்ணின் வழக்கில், அவர் சம்மதம் இல்லாமல் கருவைக் கலைக்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. பாதுகாக்கிறோம் என்று சொல்லிக் கொட்டகை அறையிலிருந்து கூட்டிப்போய், மொழி தெரியாத ஒரு காப்பகத்தில் பூட்டிவைத்த கதைகளை நான் நிறையப் பார்த்துவிட்டேன். அங்கே போனதும் அந்த மனிதர்கள் சாப்பிடுவதை நிறுத்திவிடுவார்கள்.

அதனால் அத்தை இல்லாத நேரம் பார்த்து, அவருக்குப் பிடித்த இடத்தில் உட்கார்ந்து, சின்னச் சின்னக் கேள்வியாகக் கேளுங்கள். எங்கே தூங்கப் பிடிக்கும், யார் சோறு போடுகிறார்கள், யாரைக் கண்டால் பயம். ஆமாம் இல்லை என்று வரும் கேள்வியைக் கேட்டால் நமக்குப் பிடித்த பதிலைச் சொல்லிவிடுவார், அதில் ஜாக்கிரதை. தேதி போட்டு, அவர் சொன்ன வார்த்தையிலேயே எழுதுங்கள். தழும்பு இருந்தால் அரசு மருத்துவமனையில் காட்டிப் பதிவு வாங்குங்கள்.

தனியாகப் போகாதீர்கள். மாற்றுத்திறனாளிகளுக்கும் பாதுகாப்போருக்கும் உரிமைக்காக இருக்கும் டாரட்டாக் சங்கத்துக்கு மாவட்டங்களில் கிளைகள் இருக்கின்றன, மனு கொடுக்கும்போது கூட வருவார்கள். சென்னை கோட்டூர்புரம் வித்யாசாகரில் மாற்றுத்திறனாளிகள் சட்டத்துக்கென்றே ஒரு பிரிவு வெகுகாலமாக வேலை செய்கிறது. திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர்க்கும் கூட்டத்திலும் ஒரு மனு போடுங்கள், அங்கே கிடைக்கும் மனு எண் பிறகு ரொம்ப உதவும். அன்றைக்கே மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலரிடம், உதவித்தொகையை வேறொருவர் எடுக்கிறார் என்று தனியாக எழுதிக் கொடுங்கள்.


தம்பிக்கு அக்கா:

என் தம்பிக்கு மூளை முடக்குவாதமும் அறிவுசார் குறைபாடும். நான் தேசிய அறக்கட்டளைச் சட்டம் 1999-ன் கீழ் சட்டப்படியான காப்பாளராக ஆனவள், அந்த அனுபவத்தில் எழுதுகிறேன்.

ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகை ஊனம், இந்த நான்கில் ஏதாவது உள்ளவர்களுக்குக் காப்பாளரை நியமிக்க மாவட்ட ஆட்சியர் தலைமையில் உள்ளூர் அளவிலான குழு என்று ஒன்று இருக்கிறது. ஆட்சியரோடு ஒரு பதிவுபெற்ற அமைப்பின் பிரதிநிதியும் ஒரு மாற்றுத்திறனாளியும் அதில் உட்காருவார்கள். உறவினர் யாரும் விண்ணப்பிக்கலாம். கோர்ட்டுக்குப் போக வேண்டியதில்லை. எனக்கு 7 மாதம் ஆனது, மூன்று தடவை கோப்பு காணாமல் போனது, ஒவ்வொரு தடவையும் நகல் கையில் இருந்ததால் தப்பித்தேன்.

ஆனால் உங்களுக்கு இதை எழுதுவதற்குக் காரணம் வேறு. நீங்கள் புகார் கொடுத்த மறுநாளே உங்கள் மாமா போய், நான்தான் அண்ணன், நான்தான் பார்த்துக்கொள்கிறேன் என்று காப்பாளர் விண்ணப்பம் போடலாம். எங்கள் பெரியப்பா அதைத்தான் செய்தார். அதனால் முதல் நாளே குழுவுக்கு ஆட்சேபணைக் கடிதம் கொடுத்துவிடுங்கள்: எங்களை விசாரிக்காமல் யாரையும் நியமிக்க வேண்டாம், நிலப் பத்திர விவகாரம் இருக்கிறது என்று. ஒருவேளை அவர் ஏற்கெனவே வாங்கியிருந்தாலும் முடிந்துபோகவில்லை. காப்பாளர் ஆனவர் 6 மாதத்துக்குள் சொத்துப் பட்டியல் கொடுக்க வேண்டும், வருடா வருடம் கணக்குக் கொடுக்க வேண்டும். கொடுமைப்படுத்தினால், சொத்தைச் சுருட்டினால், உறவினர் யாரும் அவரை நீக்கச் சொல்லி அதே குழுவிடம் கேட்கலாம்.


புதுசு:

நடுவில் கேட்பதற்கு மன்னிக்கவும். என் அண்ணனுக்கு மனச்சிதைவு நோய். அவருக்கும் இந்தக் குழுதானா?


பேனல் வக்கீல்:

இல்லை தம்பி. மனநோய்க்கு 2017-ம் வருட மனநலப் பாதுகாப்புச் சட்டம் தனியாக இருக்கிறது, அதில் அண்ணனே தன் சார்பில் பேச ஒருவரை எழுதி நியமிக்கலாம், சிகிச்சை சம்பந்தமான குறைக்கு மனநல மறுஆய்வு வாரியம். ஆனால் நான் சொன்ன பிரிவு 7, இலவச வழக்கறிஞர் இரண்டும் அவருக்கும் உண்டு. விவரம் தனிப் பதிவாகப் போடுங்கள், பதில் எழுதுகிறேன்.

ஓசூர் தங்கைக்கு இன்னொரு விஷயம், தோழர் சொன்னதை வைத்து யோசித்தேன். பத்திரத்தை உடைக்க வக்கீல்கள் வழக்கமாக, இவருக்கு எதுவுமே தெரியாது, புத்தி சுவாதீனம் இல்லை, ஆகவே பத்திரம் செல்லாது என்று எழுதுவார்கள். நானே அப்படி எழுதியிருக்கிறேன். அது சுலபம், ஆனால் அந்த வரி நீதிமன்றப் பதிவில் நின்றுவிடும், நாளைக்கு அவர் வங்கிக் கணக்கு, எங்கே வாழ்வது என்று எதைக் கேட்டாலும் எதிர்த்தரப்பு அதை எடுத்து நீட்டும். 2016 சட்டத்தின் 13-வது பிரிவு சொத்து வைத்துக்கொள்ள, வாரிசாகப் பெற அவருக்கு எல்லோரையும் போல உரிமை என்கிறது. அதிலேயே, துணைக்கு இருப்பவருக்கும் அவருக்கும் ஒரு சொத்து விஷயத்தில் நலன் முரண்பட்டால், அந்த விஷயத்தில் துணைக்கு நிற்பவர் விலகிக்கொள்ள வேண்டும் என்று இருக்கிறது. ரத்த உறவு என்பதால் மட்டும் முரண்பாடு என்று ஊகிக்கக் கூடாது, அதையும் சொல்லிவிடுகிறேன். ஆனால் விரலைப் பிடித்து ரேகை வைத்தவரும் மாமா, நிலம் போய்ச் சேர்ந்ததும் அவரிடமே. வேறென்ன முரண்பாடு வேண்டும்? இந்தப் பத்திரம் என்ன செய்யும் என்று அவருக்குப் புரியும்படி யாரும் விளக்கவில்லை, அழுத்தம் கொடுத்து வாங்கியது, இதை முதல் வாதமாக வைத்துவிட்டு மற்றதை மாற்று வாதமாக வைக்கச் சொல்லுங்கள். வழக்கு போட காப்பாளர் சான்று வரும்வரை காத்திருக்கவும் வேண்டாம், தன் நலனைத் தானே காத்துக்கொள்ள முடியாதவர் என்று நீதிமன்றம் விசாரித்து ஏற்றால் நெக்ஸ்ட் ஃபிரெண்டாக, அதாவது அவர் சார்பில் வழக்கை நடத்துபவராக, அம்மாவோ நீங்களோ நிற்கலாம். கூடவே நிலத்தை விற்காமல் இருக்க இடைக்காலத் தடை கேளுங்கள்.


ஓசூர் பொண்ணு:

மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன், எல்லோருக்கும் நன்றி.

தோழர் சொன்னது உறுத்திக்கொண்டே இருந்தது. நான் சித்தியைக் கேட்கவே இல்லைதான். போன ஞாயிறு கிணற்று மேட்டில் உட்கார்ந்து பேசினேன், இரண்டு மணி நேரம் ஆனது. நிலம் யாருடையது என்று கேட்டால் கையை நெஞ்சில் வைத்து "அப்பா எனக்கு" என்கிறார். வரப்பு எங்கே முடிகிறது என்று நடந்தே காட்டினார். அவருக்கு எதுவும் தெரியாது என்று நான் எப்படி இத்தனை வருடம் நினைத்தேன் என்று இருந்தது. எங்கே தூங்கணும் என்றதற்கு "அக்கா" என்றார், என் அம்மாவை. பயம் யார் என்று கேட்டதற்குப் பதில் சொல்லவில்லை, புல்லைப் பிடுங்கிக்கொண்டே இருந்தார். அதையும் அப்படியே எழுதிவைத்தேன்.

திங்கட்கிழமை அம்மா, நான், சங்கத்திலிருந்து இரண்டு பேர் போனோம். ஆட்சியர் அலுவலக மனு, குழுவுக்கு ஆட்சேபணை, உதவித்தொகைக் கடிதம் மூன்றும் கொடுத்து எண் வாங்கினோம். கோட்டாட்சியர் மறுநாள் மனுவைப் படித்துவிட்டு வருவாய் ஆய்வாளரை அனுப்பினார், சித்தியிடமே கேட்டு எழுதிக்கொண்டு, அன்றைக்கே எங்கள் வீட்டுக்கு அனுப்பச் சொல்லிவிட்டார்கள். சட்டப் பணிகள் குழுவில் ஒரு பெண் வக்கீலைப் போட்டிருக்கிறார்கள், நாளை மறுநாள் பார்க்க வரச் சொன்னார்கள்.

சித்தி இப்போது என் அம்மாவோடு இருக்கிறார். வரும்போது ஆட்டுக்குட்டி ஒன்றைத் தூக்கிக்கொண்டுதான் வந்தார், மாமா அது தன்னுடையது என்று சத்தம் போட்டுக்கொண்டிருக்கிறார். அதற்கும் ஏதாவது செய்ய முடியுமா?


பேனல் வக்கீல்:

தாத்தா இருந்தபோதே சித்தி வளர்த்த ஆடுகள் என்றால் எத்தனை, எந்தெந்த நிறம் என்று அவரையே சொல்லவைத்து அதையும் பட்டியலில் சேருங்கள்மா. நாளை மறுநாள் வக்கீலைப் பார்க்கும்போது பத்திர நகல், வில்லங்கம், தாத்தாவின் இறப்புச் சான்று, வாரிசுச் சான்று, அந்த ஞாயிற்றுக்கிழமை எழுதின தாள் எல்லாம் அசல் ஒன்று, நகல் இரண்டு. சித்தியையும் கூட்டிப் போங்கள்.