ஹம்மிங்பேர்ட் கேக்: ஆகஸ்ட் வெயிலில் காரில் கொண்டுபோனால் ஃப்ராஸ்டிங் நிற்குமா?

கேரி கௌரி:

எல்லோருக்கும் வணக்கம். வட கரோலினாவில் கேரியில் இருக்கிறேன். எங்கள் பழைய பக்கத்து வீட்டு அம்மாவுக்கு ஆகஸ்டில் 80 வயது நிறைகிறது. என் மகன் பிறந்த சமயத்தில் ஊரிலிருந்து அம்மாவுக்கு விசா கிடைக்கவில்லை. அப்போது தினமும் வந்து குழந்தையை வாங்கிக்கொண்டு, "நீ போய்த் தூங்கு" என்று என்னை விரட்டியவர் அவர்தான். இப்போது கிரீன்ஸ்பரோவில் மகள் வீட்டில் இருக்கிறார். பிறந்தநாளுக்கு என்ன வேண்டும் என்று போனில் கேட்டேன். "ஹம்மிங்பேர்ட் கேக். கடையில் வாங்கினால் எனக்குத் தெரிந்துவிடும்" என்றார். அவ்வளவுதான், பேச்சு முடிந்தது.

பெட்டியில் வரும் கேக் மிக்ஸைத் தாண்டி நான் எதுவும் செய்ததில்லை. வாழைப்பழம், அன்னாசி, பீக்கன் பருப்பு, மேலே கிரீம் சீஸ் ஃப்ராஸ்டிங், மூன்று அடுக்கு என்பது வரை தெரியும். என் சந்தேகங்கள்: அன்னாசியை வடிகட்ட வேண்டுமா, வேண்டாமா? ஒவ்வொருவர் ஒவ்வொன்று சொல்கிறார்கள். என்னிடம் 9 அங்குலத் தட்டு இரண்டுதான் இருக்கிறது, மூன்றாவது அடுக்கை அடுத்த ஈடாகப் போடலாமா? எல்லாவற்றையும் விடப் பெரிய கவலை: இங்கிருந்து கிரீன்ஸ்பரோ எழுபது மைலுக்கு மேல். ஆகஸ்ட் வெயிலில் ஃப்ராஸ்டிங் வழியாமல் போய்ச் சேருமா? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

ஜார்ஜியா மீனா:

கௌரிமா, அந்த அம்மா கிரீன்ஸ்பரோவில் உட்கார்ந்துகொண்டு இந்தக் கேக்கைக் கேட்பது ரொம்பப் பொருத்தம். 1978 பிப்ரவரி மாத 'சதர்ன் லிவிங்' பத்திரிகையில் இந்தக் குறிப்பு வந்துதான் தெற்கு மாநிலங்கள் முழுக்கப் பரவியது. அதை அனுப்பி வைத்தது கிரீன்ஸ்பரோ வாசகி ஒருவர். வாசகர்கள் அதிகம் கேட்டு வாங்கிய குறிப்பு அதுதான் என்று அந்தப் பத்திரிகையே பெருமையாகச் சொல்லிக்கொள்ளும். இங்கே ஜார்ஜியாவில் ஈஸ்டர் வந்தால் யாராவது ஒருவர் செய்யாமல் இருக்க மாட்டார்கள். என் மகளுடைய பள்ளிக்கூடத்துக் கேக் விற்பனை மேசையில் முதலில் காலியாவதும் இதுதான்.

இந்தக் கேக்கில் வருகிற தொல்லை எல்லாம் தண்ணீரால் வருவது. வாழைப்பழத்தில் தண்ணீர், அன்னாசியில் தண்ணீர், கிரீம் சீஸில் தண்ணீர். எங்கே அதை விட வேண்டும், எங்கே விடக்கூடாது என்று தெரிந்துவிட்டால் மற்றது சும்மா கிண்டுகிற வேலைதான்.

அன்னாசியை வடிகட்டாதீர்கள். சாற்றில் போட்ட நொறுக்கிய அன்னாசி 8 அவுன்ஸ் டின் ஒன்று, சாற்றோடு அப்படியே கொட்டுங்கள். பாகில் ஊறியது வேண்டாம். மாவில் வேறு தண்ணீரோ பாலோ கிடையாது, அந்தச் சாற்றை நம்பித்தான் அளவே போட்டிருக்கிறார்கள். அதிலிருக்கிற புளிப்புதான் சோடாவையும் பொங்க வைக்கிறது. வடிகட்டச் சொல்கிறவர்கள் 20 அவுன்ஸ் பெரிய டின்னை வாங்கியிருப்பார்கள்.

அளவு: மைதா 3 கப், சர்க்கரை 2 கப், சமையல் சோடா, உப்பு, பட்டைத்தூள் ஒவ்வொன்றும் 1 டீஸ்பூன். இவற்றைப் பெரிய கிண்ணத்தில் கலந்துகொள்ளுங்கள். முட்டை 3, வாசனை இல்லாத எண்ணெய் ஒன்றரைக் கப், வனிலா ஒன்றரை டீஸ்பூன். எண்ணெய் அளவைப் பார்த்துப் பயந்து குறைக்கத் தோன்றும், குறைக்காதீர்கள். ஃப்ரிட்ஜில் வைத்தாலும் இந்தக் கேக் கல்லாகாமல் இருப்பது எண்ணெயால்தான். வெண்ணெய் போட்டால் குளிரில் இறுகிப்போகும்.

மிக்சரை இதற்கு எடுக்கவே எடுக்காதீர்கள். மரக்கரண்டி போதும். மாவு நனைந்ததும் கையை நிறுத்திவிட வேண்டும். அங்கங்கே சின்னக் கட்டி தெரிந்தால் தெரியட்டும். அடிக்க அடிக்க மைதா இழுவையாகிவிடும், கேக் ரப்பராக வரும். அப்புறம் அன்னாசி, நறுக்கிய பீக்கன் 1 கப், வாழைப்பழம் 2 கப் சேர்த்துப் புரட்டுங்கள்.

வாழைப்பழத்தை மசிக்கக் கூடாது, பொடியாக நறுக்குங்கள். தோலில் நிறையப் பழுப்புப் புள்ளி விழுந்திருக்க வேண்டும், ஆனால் எடுத்தால் கையில் பழம் நிற்க வேண்டும். கறுத்துக் கூழானதை வாழைப்பழ பிரெட்டுக்கு வைத்துக்கொள்ளுங்கள். அதை இதில் போட்டால் அடிப்பக்கம் களி மாதிரி ஒரு பட்டை விழும்.

பீக்கனை 350 டிகிரியில் (நான் சொல்கிற டிகிரி எல்லாம் ஃபாரன்ஹீட்) 8 நிமிடம் வறுத்து, ஆறிய பிறகு நறுக்குங்கள். வறுக்காமல் போட்டால் ஈர மாவில் கிடந்து சவசவவென்று ஆகிவிடும். வாசனை வரும்போதே எடுத்துவிட வேண்டும், நிறம் மாறும் வரை காத்திருந்தால் கசக்கும்.

இரண்டு தட்டு விஷயம். மூன்றாவதை அடுத்த ஈடாகப் போடாதீர்கள். ஈரம் பட்டவுடனே சோடா வேலையை ஆரம்பித்துவிடும். அரை மணி நேரம் மாவு சும்மா நின்றால் அந்த அடுக்கு மட்டும் தட்டையாக வரும். கடையில் 9 அங்குல அலுமினியத் தட்டு, ஒரு தடவை உபயோகிக்கிறது, கிடைக்கும். ஒன்று வாங்கி, மூன்றையும் சேர்த்தே உள்ளே வையுங்கள். மூன்றிலும் அடியில் பேக்கிங் தாளை வட்டமாக வெட்டிப் போடுங்கள், பழம் போய் ஒட்டிக்கொள்ளும். மாவைத் தராசில் வைத்துப் பிரித்தால் அடுக்கு ஒரே உயரமாக வரும். 350 டிகிரியில் 25 முதல் 30 நிமிடம். இருபது நிமிடம் வரை கதவைத் திறக்காதீர்கள், அதற்கப்புறம் மேல் தட்டையும் கீழ் தட்டையும் இடம் மாற்றிக்கொள்ளலாம். குச்சியைக் குத்திப் பார்க்கும்போது வாழைப்பழத் துண்டில் பட்டால் ஈரமாக வரும். அதைப் பார்த்து ஏமாறாமல் இன்னோர் இடத்தில் குத்துங்கள்.

இனி ஃப்ராஸ்டிங். இங்கேதான் தண்ணீரை விடக்கூடாது. 8 அவுன்ஸ் செங்கல் மாதிரி, வெள்ளித்தாள் சுற்றி வருகிற கிரீம் சீஸ் இரண்டு. பிளாஸ்டிக் டப்பாவில் வருவது பிரெட்டில் தடவுவதற்கு, அது வேண்டாம். கொழுப்புக் குறைத்ததும் வேண்டாம். (ஃபிலடெல்ஃபியா என்று பெயர் இருந்தாலும் அந்தச் சரக்கு பிறந்தது நியூயார்க் மாநிலத்தில். 1880இல் விற்பனைக்காக வைத்த பெயர், அப்படியே ஒட்டிக்கொண்டது.)

சீஸை அறை வெப்பத்தில் குழைய விட்டு, வெண்ணெயோடு அடித்து, பிறகு சர்க்கரையைக் கொட்டச் சொல்வார்கள். நான் தலைகீழாகத்தான் செய்வேன். உப்பில்லாத வெண்ணெய் 225 கிராமையும் பொடித்த சர்க்கரை 500 கிராமையும் முதலில் மிக்சரில் வெளுக்கும் வரை அடித்துவிடுங்கள். எவ்வளவு நேரம் அடித்தாலும் அதற்கு ஒன்றும் ஆகாது. பிறகு ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த கிரீம் சீஸைத் துண்டு துண்டாகப் போட்டு, கட்டி கரைகிற மட்டும் சுற்றி நிறுத்துங்கள். சர்க்கரை சீஸிலிருக்கிற தண்ணீரை வெளியே இழுக்கும். அதோடு மிக்சர் சூடும் சேர்ந்தால் இளகி ஓடும். ஓட ஆரம்பித்தால் இன்னும் கொஞ்சம் சர்க்கரை போடலாம் என்று கை போகும். போடாதீர்கள், கூட ஓடும். கிண்ணத்தோடு ஃப்ரிட்ஜில் அரை மணி நேரம் வையுங்கள்.

பல குறிப்புகளில் இதே அளவுக்கு இரண்டு பவுண்டு சர்க்கரை இருக்கும், கிட்டத்தட்ட 900 கிராம். நம் நாக்குக்கு அது தாங்காது. ஆனால் 80 வயது தெற்கத்தி அம்மாவுக்கு அந்த இனிப்புதான் பழக்கம். யாருக்காகச் செய்கிறீர்கள் என்று பார்த்து 600 வரை ஏற்றிக்கொள்ளுங்கள்.

ராலே பாலு:

மீனா அக்கா சொன்னதற்கு மேல் கேக்கைப் பற்றிச் சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை. கொண்டுபோவதை மட்டும் சொல்கிறேன். வீட்டில் மனைவி கேக் ஆர்டர் எடுக்கிறாள், வண்டி ஓட்டுவது நான்.

விருந்து ஞாயிற்றுக்கிழமை என்று வைத்துக்கொண்டால், வெள்ளிக்கிழமை அடுக்குகளைச் சுட்டு, முழுக்க ஆறிய பிறகு ஒவ்வொன்றையும் பிளாஸ்டிக் தாளில் இறுக்கச் சுற்றி ஃப்ரீசரில் வையுங்கள். சனிக்கிழமை பாதி உறைந்த நிலையிலேயே அடுக்கிப் பூசுங்கள். துகள் உதிராது, அடுக்கு நகராது. மூன்றையும் அடுக்கியதும் பபிள் டீ குடிக்கிற தடித்த ஸ்ட்ராவை நடுவில் செங்குத்தாக இறக்கி, மேல்மட்டத்துக்கு வெட்டிவிடுங்கள். நெடுஞ்சாலையில் திடீரென்று பிரேக் போட்டால் மேல் அடுக்கு முன்னால் போகாமல் பிடிப்பது அதுதான். வெட்டும்போது எடுத்துவிட மறக்காதீர்கள். முதலில் மெல்லிய பூச்சு ஒன்று, அரை மணி நேரம் ஃப்ரிட்ஜ், அப்புறம் மேல்பூச்சு. ராத்திரி முழுக்க ஃப்ரிட்ஜ்.

கேக்கைச் சீட்டில் வைக்க வேண்டாம். சீட் சரிவாக இருக்கும், கேக்கும் சரியும். பின்பக்கம் தட்டையான தரையில், அடியில் யோகா பாயைப் போட்டு வையுங்கள், இம்மி நகராது. டிக்கியில் ஏசி வராத கார் என்றால் முன்சீட்டுக்குக் கீழே, கால் வைக்கிற இடம்தான். கிளம்புவதற்குப் பத்து நிமிடம் முன்பே காரைக் குளிர வைத்துவிடுங்கள். கேரியிலிருந்து ஐ-40 நெடுஞ்சாலையைப் பிடித்தால் ஒன்றேகால் மணி நேரம் ஆகும், முழுக் குளிரில் எடுத்த கேக் தாங்கும். வெளியில் வைப்பதற்கு அமெரிக்க விவசாயத் துறை சொல்கிற கணக்கு இரண்டு மணி நேரம், 90 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்கு மேல் வெயில் இருந்தால் ஒரு மணி நேரம். விருந்து தோட்டத்தில் என்றால் கேக் வீட்டுக்குள்ளேயே இருக்கட்டும். போனதும் ஃப்ரிட்ஜில் இடம் வேண்டும் என்று அந்த மகளிடம் முன்னாலேயே சொல்லிவிடுங்கள். நிறையப் பேர் இதைத்தான் கோட்டை விடுகிறார்கள்.

ஸ்காபரோ சிவா:

வணக்கம். ஜோர்ஜியா அக்கா குறிப்பு வடிவாக எழுதியிருக்கிறா. ஆனால் கிரீன்ஸ்பரோவோடு கதையை முடிக்கேலாது. இதின்ர மூலம் ஜமைக்கா. 1960களின் கடைசியில் ஜமைக்கா சுற்றுலாத் துறையினர் அமெரிக்கப் பத்திரிகைக்காரருக்குக் கொடுத்த விளம்பரக் கட்டுகளுக்குள்ளே வாழைப்பழம் போட்ட 'டொக்டர் பேர்ட்' கேக் குறிப்பையும் வைத்துக் கொடுத்தவை. டொக்டர் பேர்ட் என்பது அந்த நாட்டின் தேசியப் பறவை, ஆணுக்கு நீண்ட இரட்டைவால் இருக்கும். அதுவும் ஒரு ஹம்மிங்பேர்ட்தான். எங்கட பக்கத்து வீட்டு ஜமைக்கா அம்மாவிட்ட ஹம்மிங்பேர்ட் கேக் என்று சொன்னால் முறைப்பா. அவ செய்வதில் ஃப்ராஸ்டிங் கிடையாது, நடுவில் குழாய் வைத்த தட்டில் சுட்டு அப்படியே வெட்டித் தருவா. தேத்தண்ணியோடு நல்லா இருக்கும்.

இன்னொன்று. அமெரிக்கக் கடையில் பட்டைத்தூள் என்று விற்பது பெரும்பாலும் கசியா என்ற வேறு வகைப் பட்டை, காரம் கூட. எங்கட இலங்கைக் கறுவாப்பட்டை கிடைத்தால் அதே 1 தேக்கரண்டி போடலாம், மென்மையாக இருக்கும், அன்னாசி வாசனையை அமுக்காது. கசியா என்றால் முக்காலோடு நிறுத்துங்கோ.

ஜார்ஜியா மீனா:

சிவா, ஜமைக்கா விஷயம் சரிதான், மறுக்கவில்லை. ஆனால் கிரீம் சீஸ் இல்லாத ஹம்மிங்பேர்ட் கேக்கை அந்த 80 வயது அம்மா முன்னால் கௌரி வைத்தால், திருப்பி அனுப்பிவிடுவார். பட்டை பற்றிச் சொன்னதை ஏற்றுக்கொள்கிறேன்.

கோவை வித்யா:

இடையில் புகுந்து கேட்கிறேன், மன்னிக்கவும். இதைக் கோவையில் செய்ய முடியுமா? நொறுக்கிய அன்னாசி டின் இங்கே பார்த்ததில்லை, பாகில் போட்ட வில்லைதான் கிடைக்கிறது. பீக்கன் விலையைக் கேட்டால் தலை சுற்றுகிறது. எந்த வாழைப்பழம் போடுவது?

ஜார்ஜியா மீனா:

தாராளமாகச் செய்யலாம் வித்யா. வாழைப்பழத்துக்கு மோரிஸ், ரொபஸ்டா என்று விற்கிறார்களே, அதுதான். இங்கே எல்லாக் கடையிலும் கிடக்கிற கேவண்டிஷும் அதே இனம்தான். நேந்திரன் வேண்டாம், மாவுச்சத்து அதிகம், துண்டு துண்டாகத் தனித்து நிற்கும்.

டின்னைத் தேடாதீர்கள், நல்ல பழுத்த அன்னாசியே வாங்குங்கள். பொடியாக நறுக்கி, வடிகிற சாற்றோடு சேர்த்து ஐந்து நிமிடம் கொதிக்கவிட்டு ஆறவையுங்கள். முக்கால் கப்புக்குக் கொஞ்சம் கூட இருந்தால் ஒரு டின் கணக்கு. வேகவைக்காத அன்னாசியில் புரதத்தை அரிக்கிற நொதி ஒன்று உண்டு, சாப்பிட்டால் நாக்கு எரிவது அதனால்தான். சூடு பட்டால் அது செத்துவிடும். ஃப்ராஸ்டிங்கில் மட்டும் வேகவைக்காத அன்னாசியைத் தப்பித் தவறியும் கலக்காதீர்கள், பால் பொருளோடு சேர்ந்தால் நேரம் போகப் போகக் கசக்கும்.

பீக்கனுக்குப் பதில் வால்நட் போடுங்கள், வறுப்பது முக்கியம். டப்பா கிரீம் சீஸ்தான் கிடைக்கிறது என்றால், மெல்லிய வேட்டித் துணியில் கட்டி, வடிகட்டியில் வைத்து, மேலே கனம் ஏற்றி ராத்திரி முழுக்க ஃப்ரிட்ஜில் விடுங்கள். காலையில் கீழே நிற்கிற தண்ணீரைப் பார்த்தால் நான் ஏன் இவ்வளவு கத்துகிறேன் என்று புரியும்.

கேரி கௌரி:

எல்லோருக்கும் ரொம்ப நன்றி. அலுமினியத் தட்டு வாங்கியாயிற்று, அந்த மகளிடம் ஃப்ரிட்ஜ் இடமும் சொல்லியாயிற்று. கடைசியாக ஒன்று. மேலே அன்னாசியை மெல்லிய வில்லையாகக் காயவைத்துப் பூ மாதிரி வைக்கிறார்களே, அதைச் செய்யலாமா, இல்லை பீக்கன் தூவினால் போதுமா?

ஜார்ஜியா மீனா:

செய்யலாம். காகிதம் மாதிரி மெல்லியதாகச் சீவி, ஈரத்தைத் துணியில் ஒற்றி எடுத்து, 225 டிகிரியில் ஒன்றரை இரண்டு மணி நேரம், நடுவில் ஒரு தடவை திருப்பிப் போட்டு. சூடாக இருக்கும்போதே மஃபின் தட்டுக் குழியில் அமுக்கி வைத்தால் பூ மாதிரி குவியும். ஆனால் ஃப்ராஸ்டிங் ஈரம் பட்டால் துவண்டுவிடும். அதனால் தனி டப்பாவில் கொண்டுபோய், மெழுகுவர்த்தி ஏற்றுவதற்கு முன்னால் வையுங்கள். பக்கவாட்டில் பீக்கன் தூவுவதை வீட்டிலேயே, பூச்சு இறுகும் முன் முடித்துவிடுங்கள். அங்கே போய்த் தூவினால் ஒட்டாது.