"கைண்ட்லி ரிவர்ட்"னு மெயில் போடுறது சரியா தப்பா?

மலர்_பீஷான்: எங்க ஆபீஸுக்கு வர்ற மெயில்ல பாதி "கைண்ட்லி ரிவர்ட் பை ஃப்ரைடே"ன்னுதான் முடியுது, வெள்ளிக்கிழமைக்குள்ள பதில் போடுங்கன்னு சொல்றாங்களாம். ரிப்ளைன்னு நல்ல வார்த்தை இருக்கும்போது இது எதுக்கு? ரிவர்ட்னா பழைய நிலைக்குத் திரும்புறது, லத்தீன்ல 'ரெ' திரும்ப, 'வெர்தெரே' திருப்புறது, இதுல பதில் எங்க இருக்கு? 2000ல இங்க சிங்கப்பூர்ல கோ சோக் தோங் பிரதமரா இருந்தப்ப நல்ல ஆங்கிலம் பேசுற இயக்கம் ஆரம்பிச்சாங்க, இன்னும் இந்த ஒரு வார்த்தை போக மாட்டேங்குது.

ராஜன்_தோபாயோ: வேர வச்சுப் பேசுனா உங்க ரிப்ளையும் நிக்காதும்மா. அது பழைய பிரெஞ்சு வழியா லத்தீன் 'ரெப்ளிகாரே'ல இருந்து வந்தது, அர்த்தம் திரும்ப மடிக்கிறது. அசல் மாதிரியே செய்ற நகல ரெப்ளிகான்னு சொல்றோமே, அதுக்கும் அதே வேர்தான். ஆன்சர எடுத்துக்குங்க, பழைய ஆங்கிலத்துல அதுக்கு 'எதிர்த்துச் சத்தியம் பண்றது'ன்னு அர்த்தம், குத்தம் சாட்டுனா சத்தியம் பண்ணி மறுக்கிறது. நம்ம 'பதில்' கூட அரபு 'பதல்', அதாவது மாற்று. "அவருக்குப் பதிலா இவர் வந்தார்"னு சொல்றப்ப அந்தப் பழைய அர்த்தம் அப்படியே இருக்கு, அதுக்காக பதில் சொல்றேன்னு சொல்லாம விட்டுட்டோமா?

மலர்_பீஷான்: அண்ணே, பதிலுக்கு ரெண்டு அர்த்தமும் தமிழ் பேசுற எல்லாருக்கும் தெரியும், குழப்பம் இல்ல. ரிவர்ட்டுக்கு அப்படியா?

கவி_ஜூரோங்: மலர் அக்கா சொல்றது எனக்கு நேர்லயே நடந்துச்சு. எங்க வெப்சைட்ல மாத்துன பக்கத்த அனுப்பி "ப்ளீஸ் ரிவர்ட்"னு லண்டன்ல இருக்கிற டெவலப்பருக்கு எங்க மேனேஜர் எழுதுனாரு, அந்த ஆளு மாத்துனது எல்லாத்தையும் எடுத்துட்டு பழையத போட்டுட்டான், சாஃப்ட்வேர்காரனுக்கு ரிவர்ட்னா அதானே, அன்னிக்கு ராத்திரி பூரா உக்காந்து திரும்ப ஏத்துனோம்.

ராஜன்_தோபாயோ: தம்பி, அது ஒத்த வார்த்தையா எழுதுனதால வந்த வினை. "ரிவர்ட் டு மீ"ன்னு ஆள சேர்த்து எழுதியிருந்தா எவன் அழிக்கப்போறான்? "ஐ வில் கெட் பேக் டு யூ"ன்னு இங்கிலாந்துக்காரன் சொல்றானே, அதுவும் 'உன்கிட்ட திரும்பி வரேன்'தான். அவன் சொன்னா இயல்பு, சிங்கப்பூர்லயும் மலேசியாலயும் இந்தியாலயும் அதே மாதிரி சொன்னா தப்பா? ஆக்ஸ்ஃபர்டு அட்வான்ஸ்டு லர்னர்ஸ் அகராதியே இந்திய ஆங்கிலம்னு குறிப்புப் போட்டு இந்த அர்த்தத்த சேர்த்திருக்கு.

சட்டஆபீஸ்_தேவி: இந்திய ஆங்கிலம்னு குறிப்புப் போடுறாங்கன்னா மத்தவங்களுக்குப் புரியாதுன்னும் சேர்த்துத்தான் சொல்றாங்க, ராஜன் அண்ணே. நான் வேலை செய்ற இடத்துல ரெண்டு வார்த்தைக்கும் தனித்தனி வேலை இருக்கு. லீஸ் முடிஞ்ச நிலம் அரசாங்கத்துக்கு ரிவர்ட் ஆகும். இங்க கேலாங்ல லோரோங் 3ங்கிற தெருவுல 191 தரைவீட்டுக்கு 60 வருஷ லீஸ் 2020 டிசம்பர் 31ல முடிஞ்சு நிலம் அரசுகிட்ட போச்சே, அதான் ரிவர்ட். கோர்ட்ல எதிர்த்தரப்பு டிஃபென்ஸ், அதாவது எதிர்வாதம், போட்டதுக்கு அப்புறம் வழக்கு போட்டவங்க தாக்கல் பண்ற பத்திரத்துக்குப் பேரே ரிப்ளை. ஒரே லெட்டர்ல நிலத்துக்கும் ரிவர்ட், பதிலுக்கும் ரிவர்ட்னு வந்தா கிளையண்ட் பயந்துபோய் போன் பண்றாங்க, அவங்க வீடுங்க அது.

ராஜன்_தோபாயோ: சட்ட லெட்டர்ல வேணாம், ஒத்துக்கிறேன். அது எந்தத் தொழில்லயும் உள்ளதுதான். ஆனா இங்க சப்ளையருக்கும் பேங்குக்கும் தினம் எழுதுறவங்க யாரும் குழம்புறதில்ல. இத்தன பேர் இத்தன வருஷமா புரிஞ்சு புழங்குற சொல்ல லண்டன்ல பேசலங்கிறதுக்காக தப்புன்னு சொல்றது எனக்குப் பிடிக்கல.

மலர்_பீஷான்: புழக்கத்த நான் மறுக்கலண்ணே. என் பையன் செகண்டரி மூணு படிக்கிறான், அவங்க இங்கிலீஷ் பேப்பர்ல இமெயில் எழுதச் சொல்றாங்க. அப்பா மெயில பாத்து "ப்ளீஸ் ரிவர்ட்"னு எழுதுனான், டீச்சர் சிவப்புல வட்டம் போட்டு அனுப்பிட்டாங்க. அவன்கிட்ட நான் என்னன்னு சொல்றது?

ராஜன்_தோபாயோ: பரீட்சைக்கு ரிப்ளை எழுதச் சொல்லுங்க. அப்பாவ மாத்தச் சொல்லாதீங்க.

மலர்_பீஷான்: அப்பாவத்தான் முதல்ல மாத்தணும்னு நான் நினைக்கிறேன்.