புதுப்பிப்பு: 'டாலஸ்' கனவு சீசனை முடித்துவிட்டேன்

அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடரான 'டாலஸ்'-இல், முக்கியப் பாத்திரமான பாபி யூயிங் செத்துப்போனபின் வந்த 1985-86 சீசனைப் பாதியில் நிறுத்திவிட்டதாகப் போன மாதம் இங்கே புலம்பியிருந்தேன். "கடைசிக் காட்சிக்காகவாவது பாருங்கள்" என்று பலர் சொன்னீர்கள். பார்த்தேன். மொத்தம் 31 அத்தியாயங்கள்!

மார்க்கை மணந்த, பாபியின் முன்னாள் மனைவி பேம் காலையில் கண்விழிக்கிறாள். குளியலறையில் தண்ணீர் ஓடும் சத்தம். கதவைத் திறந்தால், சோப்பு நுரையோடு திரும்பிச் சிரிக்கிறான் செத்துப்போன பாபி. ரகசியம் கசியாமலிருக்க, பாபியாக நடித்த பாட்ரிக் டஃபியை வைத்து சோப்பு விளம்பரம் எடுப்பதுபோல் எடுத்தார்களாம். அடுத்த சீசன் தொடங்கியதும், அந்த 31 அத்தியாயங்களில் நடந்ததெல்லாம் பேம் கண்ட கனவு என்று முடித்துவிட்டார்கள்.

பாபி திரும்பியதில் எனக்கும் மகிழ்ச்சிதான். ஆனால் பாபியின் அண்ணன் ஜே.ஆரின் மனைவி சூ எலன்? குடித்துக் குடித்துத் தெருவுக்கு வந்து, காகிதப்பைக்குள் மறைத்த பாட்டிலோடு அலைகிறாள். பிறகு படிப்படியாக மீள்கிறாள். லிண்டா கிரே உயிரைக் கொடுத்து நடித்திருக்கிறார். அத்தனையும் அழிரப்பரால் அழித்தாயிற்று.

இதில் வேடிக்கை, கிளைத் தொடரான 'நாட்ஸ் லேண்டிங்' இந்தக் கனவைக் கண்டுகொள்ளவே இல்லை. அங்கே அண்ணன் கேரிக்கு பாபி இறந்தவன் இறந்தவன்தான்.

அடுத்த சீசனையும் தொடங்கிவிட்டேன். ஜே.ஆர். அதே சிரிப்போடுதான் இருக்கிறார்.