தாத்தா 'கொமெதிதோ'வா, 'மெசுராதோ'வா?

வணக்கம். முத்தியால்பேட்டையிலிருந்து எழுதுகிறேன். ஸ்பானிஷ் வகுப்பில், வீட்டில் ஒருவரைப் பற்றிப் பத்து வரி எழுதச் சொல்லியிருக்கிறார்கள். எங்கள் தாத்தா அளந்துதான் பேசுவார். பந்தியில் இரண்டாம் முறை பாயசம் வந்தால் இலையைக் கையால் மறைத்துவிடுவார். அவருக்கு 'கொமெதிதோ' என்று போட்டேன். அடக்கமும் நிதானமும் உள்ளவர் என்று பொருள். ஆனால் லத்தீன் அமெரிக்காவில் அதே சொல், கேட்காமலேயே ஓடிவந்து உதவுபவரையும் குறிக்குமாம். தாத்தாவா? நாற்காலியை விட்டு அசையமாட்டார்!

'மெசுராதோ' என்று மாற்றலாமா? அளவு என்ற பொருளுள்ள லத்தீன் வேரிலிருந்து வந்தது, நம் 'அளந்து பேசுவது' போலவே. (பெண்ணுக்கு 'மெசுராதா'. எங்கள் பாட்டிக்கு அது தேவைப்படாது.) சாதாரணப் பேச்சில் சொன்னால் செய்தி வாசிப்பது போல இருக்குமா? புதுச்சேரியில் பிரெஞ்சுக்கு ஆள் கிடைக்கிறது, ஸ்பானிஷுக்குத்தான் அலைகிறேன். தெரிந்தவர்கள் வியாழனுக்குள் சொன்னால் புண்ணியமாகப் போகும்.