தேர் வடிவ மர ராக்கெட் பாதி உயரத்தில் கரணம் அடிக்கிறது, எங்கே கோளாறு?

ஆழித்தச்சன்:
வணக்கம். திருவாரூர் பக்கம் மரப்பட்டறை. கதவு, நிலை, கோயில் வாகனம் எல்லாம் செய்வோம். ஓய்ந்த நேரத்தில், பாட்டிலில் தண்ணீரும் அழுத்தக் காற்றும் அடைத்துத் தண்ணீர் ராக்கெட் விடுவது பொழுதுபோக்கு. பாட்டிலுக்கு மூக்கும் இறக்கையும் ஒட்டி விடுவது அலுத்துப் போய், மரத்திலேயே தேர் மாதிரி ஒன்று கட்டினேன்.

உயரம் 60 செ.மீ. அடி 26 செ.மீ. சதுரம். நான்கு பக்கமும் ஒரே சீராகக் குறுகி நுனியில் கலசம். சட்டம் தீக்குச்சிக்குப் போகும் பெருமரம், மேலே அரை மில்லி தேக்கு வெனீர். உள்ளே 2 லிட்டர் பாட்டில், வாய் கீழ்ப்பக்கம். அடியில் பூவரசில் கடைந்த நான்கு சக்கரம். அடிப்பாரம் இருந்தால் நிமிர்ந்தே போகும் என்ற எண்ணத்தில் சக்கரத்தைக் கொஞ்சம் கனமாகவே விட்டேன். எடை: கூடு 240 கிராம், சக்கரமும் அடிப்பலகையும் 120, பாட்டில் 50. தண்ணீர் 650 மில்லி, காற்று 60 பிஎஸ்ஐ.

கிளம்புவது அழகாகத்தான் கிளம்புகிறது. ஓட்டு வீட்டு முகடு உயரம் தாண்டியதும் மூக்கு ஒரு பக்கம் சாய்ந்து, கரணம் அடித்து, குறுக்குவாட்டில் விழுகிறது. எந்தப் பக்கம் சாயும் என்று சொல்ல முடியாது. காற்றை ஏற்றி அடித்தால் இன்னும் சீக்கிரம் கரணம். இறக்கை ஒட்டச் சொல்லாதீர்கள், தேர் தேராகவே போக வேண்டும்.

வெண்ணாற்றங்கரை:
அண்ணே, வேலை பிரமாதம். சில கேள்விகள். பாட்டில் சோடா, கோலா வந்ததுதானே? சாதாரண குடிதண்ணீர் பாட்டில் அழுத்தம் தாங்காது, வெடித்துவிடும். அதில் பசை பிடிக்க உப்புத்தாள் போட்டுத் தேய்த்தீர்களா? தேய்த்த இடம் பலவீனம். சூடான குளூகன் பசையும் அதில் படக்கூடாது.

அடுத்தது, கிளம்பும்போது ராக்கெட்டை நேராகப் பிடிக்கிற வழிகாட்டிக் கம்பி போகும் குழாயை எங்கே ஒட்டினீர்கள்? சாய்ந்த பக்கத்தின் மேலேயே படுக்க வைத்து ஒட்டியிருந்தால் கம்பியிலேயே திருகிக்கொள்ளும். அப்புறம், தண்ணீர் இல்லாமல் கத்தி முனையில் வைத்துப் பார்த்தால் எந்த இடத்தில் சமன் நிற்கிறது?

ஆழித்தச்சன்:
சோடா பாட்டில்தான் தம்பி. தேய்க்கவில்லை, மரத்தொட்டில் மாதிரி நான்கு குறுக்குச் சட்டம் வைத்துச் சொருகியிருக்கிறேன். குழாய்க்கு ஆப்பு வைத்து, தூக்குக்குண்டு விட்டு, நடு அச்சுக்கு இணையாகத்தான் நிறுத்தினேன். கம்பி ஒன்றரை மீட்டர். சமன் நிற்பது நுனியிலிருந்து 46 செ.மீ.

பட்டாசுப்பிரியன்:
தண்ணீரை வைத்து எவ்வளவு தூரம் போகும்? தீபாவளி வாணத்து மருந்தைப் பிரித்து ஒரு குழாயில் கெட்டித்து வையுங்கள், கோபுரத்தைத் தாண்டும்.

வெண்ணாற்றங்கரை:
தயவுசெய்து வேண்டாம். கெட்டிக்கும்போது ஒரு உரசல் போதும், விரல் போய்விடும். மரக்கூட்டுக்குள் வெடித்தால் அத்தனையும் சிலாம்பு. உரிமம் இல்லாமல் வெடிமருந்து செய்வது 1884-ஆம் ஆண்டு வெடிபொருள் சட்டப்படி குற்றமும் கூட. தண்ணீரைக் குறைத்து மதிக்காதீர்கள். 60 பிஎஸ்ஐ அழுத்தத்தில் பாட்டில் வாய் கொடுக்கும் உந்துவிசை ஆரம்பத்தில் கிட்டத்தட்ட 300 நியூட்டன். 30 கிலோ தூக்கும் விசை. பத்தில் ஒரு நொடிதான் இருக்கும், ஆனால் அது போதும்.

குடமுருட்டி வாத்தியார்:
46 என்று சொன்னதும் பாதி விஷயம் விளங்கிவிட்டது. மீதியைக் கணக்காகவே பார்த்துவிடுவோம்.

பறக்கும் பொருளுக்கு இரண்டு மையம். ஒன்று எடைமையம், காற்றில் புரளும்போது அதைச் சுற்றித்தான் புரளும். இன்னொன்று அழுத்தமையம், பக்கவாட்டில் அடிக்கும் காற்றின் விசை மொத்தமும் விழும் இடம். எடைமையம் முன்னால், அழுத்தமையம் பின்னால் இருந்தால், மூக்கு கொஞ்சம் விலகினாலும் காற்றே வாலைத் தள்ளி நேராக்கும். மாறி இருந்தால் அதே காற்று மூக்கைப் பிடித்துத் திருப்பிவிடும்.

ஜேம்ஸ் பாரோமன் 1966-இல் மாதிரி ராக்கெட்காரர்களுக்காகக் கொடுத்த கணக்குப்படி, கூம்பின் அழுத்தமையம் நுனியிலிருந்து மூன்றில் இரண்டு பங்கு தூரத்தில். சதுரமாகக் குறுகும் உங்கள் தேருக்கும் அதேதான், ஏறக்குறைய 40 செ.மீ.

இப்போது வேடிக்கையைப் பாருங்கள். ஒரே பருமனான வெனீரால் போர்த்திய கூம்பின் எடைமையம் எங்கே? அதுவும் மூன்றில் இரண்டு பங்கில்தான்! இரண்டும் ஒன்றின் மேல் ஒன்று. மூலைச் சட்டங்களின் எடை பாதி உயரத்தில் விழுவதால் அரை ஒரு செ.மீ. சாதகம் இருக்கும், குறுக்குச் சட்டங்கள் அதைச் சரிக்கட்டிவிடும். ஆக வெறும் கூடு மதில் மேல் பூனை. அதற்கு மேல் எதை அடியில் கட்டினாலும் கவிழும்.

கூடு 240 கிராம் 40-இல், சக்கரமும் பலகையும் 120 கிராம் 58-இல், பாட்டில் 50 கிராம் 44-இல். பெருக்கிக் கூட்டி 410-ஆல் வகுத்தால் 45.8. நீங்கள் கத்தியில் பார்த்தது 46. அழுத்தமையத்துக்கு 6 செ.மீ. பின்னால் எடைமையம் உட்கார்ந்திருக்கிறது. வேகம் கூடினால் காற்றின் பிடியும் கூடும், அதனால்தான் அழுத்தம் ஏற்றும்போது சீக்கிரம் கரணம். முதல் ஒரு மீட்டர் நேராகப் போவது கம்பியின் தயவு.

மன்னை மைந்தன்:
சார், குறுக்கே பேசுகிறேன். தஞ்சாவூர்த் தலையாட்டி பொம்மைக்கு அடியில்தானே பாரம்? எப்படித் தள்ளினாலும் நிமிர்கிறதே? அண்ணன் நினைத்ததில் என்ன தப்பு?

குடமுருட்டி வாத்தியார்:
பொம்மையைத் தரை தாங்குகிறது தம்பி. ராக்கெட்டுக்கு அடியில் தரை ஏது? காற்று மட்டும்தான்.

இது பெரிய ஆட்களுக்கும் வந்த சந்தேகம். 1926 மார்ச் 16 அன்று அமெரிக்காவில் ராபர்ட் காடர்ட் விட்ட முதல் திரவ எரிபொருள் ராக்கெட்டில் எஞ்சினை உச்சியிலும் தொட்டியைக் கீழேயும் வைத்தார். மேலிருந்து இழுத்தால் ஊஞ்சல் மாதிரி கீழ்ப்பாரம் தானாக நேராகத் தொங்கும் என்ற எண்ணம். அப்படி எதுவும் நடக்காது. எஞ்சின் கூட்டோடு சேர்ந்து சாய்வதால் விசையும் கூடவே சாய்கிறது, நிமிர்த்த யாரும் இல்லை. பின்னால் அவரே எஞ்சினைக் கீழே கொண்டுவந்துவிட்டார்.

தச்சருக்கு மருந்து இதுதான். சக்கரத்தை இளைத்து, அடிப்பலகையோடு சேர்த்து 30 கிராமுக்குள் கொண்டுவாருங்கள். மூக்கில், நுனியிலிருந்து 6 செ.மீ. உள்ளே, 95 கிராம் பாரம் வையுங்கள். எடைமையம் 34-க்கு வரும், அழுத்தமையத்துக்கு 6 செ.மீ. முன்னால். மொத்த எடை 415 கிராம். முன்பு இருந்ததே 410, அதனால் உயரத்தில் நட்டமில்லை.

ஒல்லி ராக்கெட்டுக்கு இரண்டு மையத்துக்கும் நடுவே ஒரு விட்டம் அளவு இடைவெளி வேண்டும் என்பார்கள். குட்டையும் குண்டுமான வடிவத்துக்கு அந்த விதியை அப்படியே பிடித்துத் தொங்க வேண்டாம். அகலமான அடிக்குப் பின்னால் உண்டாகும் காற்றிழுவை தானே வால் மாதிரி வேலை செய்யும். ராக்கெட் எப்படிப் பறக்கும் என்று கணித்துக் காட்டும் ஓப்பன்ராக்கெட் மென்பொருளில் இதைக் காட்ட ஒரு தந்திரம் உண்டு: அடியோடு நுனி சேரும்படி, பின்னால் விரியும் ஒரு பொய்க் கூம்பை எடையே இல்லாமல் வரையுங்கள். அடி அகலம் ராக்கெட்டின் விட்டம், நீளம் விட்டத்தைப் போல 3.14 மடங்கு. சதுரத்தை வரைய முடியாது, அதே பரப்புள்ள 29 செ.மீ. வட்டமாகப் போடுங்கள்.

நாகை அலையாத்தி:
பாரத்துக்கு வீச்சுவலை ஈயக்குண்டு எங்கள் பக்கம் எளிதாகக் கிடைக்கும். ஆனால் நுனியில் ஈயத்தை வைத்து மேலே விடுவதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். திரும்பி வரும்போது யார் தலையில் விழும்?

குடமுருட்டி வாத்தியார்:
நியாயமான கேள்வி. இந்த எடையும் அகலமும் சேர்ந்தால் விழும் வேகம் நொடிக்கு ஏறத்தாழ 14 மீட்டர், அதுவும் மூக்கு கீழாக. கலசத்தை மரத்தில் கடையவே கூடாது. நெட்டியில் செய்யுங்கள். மாட்டுப் பொங்கலுக்கு மாட்டுக்குக் கட்டுகிற மாலை நெட்டிதான். தஞ்சாவூரில் பெரிய கோயிலையே அதில் செதுக்கி விற்கிறார்கள். பால்சா மரத்துக்கு ஈக்வடார் வரை போக வேண்டியதில்லை, குளத்தில் விளைகிற நெட்டி அதை விட லேசு. முட்டினால் நசுங்கிப் பாரத்துக்கு மெத்தையாக நிற்கும். ஈயம் வேண்டாம், ஆற்று மணலை ஃபெவிகாலில் பிசைந்து நெட்டிக்குப் பின்னால் அடைத்துவிடுங்கள். நன்றாகக் காய வேண்டும், ஈரம் இருக்கும்வரை எடை ஏமாற்றும்.

ஆழித்தச்சன்:
வாத்தியார் ஐயா, கணக்கு வழக்கெல்லாம் தச்சனுக்குப் புரிகிற மாதிரி சொன்னீர்கள். சக்கரத்தையும் நெட்டியிலேயே செதுக்கி மேலே வார்னிஷ் விட்டேன். மணல் பாரம் 100 கிராம் ஆகிவிட்டது, சமன் 34-க்குக் கொஞ்சம் முன்னாலேயே நிற்கிறது. பறக்கவிடும் முன் ஏதாவது சோதனை உண்டா? ஒவ்வொரு முறையும் வெனீர் கிழிந்தால் மனசு கேட்காது.

வெண்ணாற்றங்கரை:
கயிற்றுச் சோதனை. எடைமையத்தில் கயிறு கட்டி, அசையாமல் ஒட்டி, திறந்த இடத்தில் தலைக்கு மேலே சுற்றுங்கள். மூக்கு முன்னோக்கிப் போனால் தேறியது. குறுக்கே போனாலோ பின்பக்கமாகப் போனாலோ இன்னும் பாரம் வேண்டும். கயிறு மூன்று மீட்டராவது விடுங்கள். கயிறு குட்டையானால் வட்டம் சிறுத்து, நல்ல ராக்கெட்டும் கெட்டது மாதிரி தெரியும்.

அப்புறம் வெனீரின் உள்பக்கத்துக்கும் சீலர் அடித்தீர்களா? வெளிப்பக்கம் மட்டும் அடித்தால் ஐப்பசி, கார்த்திகை ஈரத்தில் உள்பக்கம் உப்பி ஒரு முகம் வளையும். வளைந்த முகம் இறக்கை மாதிரி காற்றை ஒரு பக்கம் தள்ளும், நேராகப் போகிற ராக்கெட்டும் வில்லாக வளையும்.

ஆழித்தச்சன்:
உள்ளேயும் அடித்துவிட்டேன். கயிற்றில் சுற்றினால் மூக்கு முன்னால் பார்த்துக்கொண்டே ஓடுகிறது. நேற்று சாயங்காலம் விட்டேன். கரணம் இல்லை! தென்னை உச்சி வரை போய், திரும்பி மூக்கு கீழாக இறங்கியது. கலசம் நசுங்கியது, கூட்டில் கீறல் இல்லை. பாட்டில் வாயைச் சுற்றி அடிப்பலகை மட்டும் நனைந்து ஊறியிருக்கிறது, அங்கே அரால்டைட் பூசிக்கொள்கிறேன்.

ஆனால் ஏறும்போது கிழக்கே சாய்ந்தே போனது. கடல் காற்று கிழக்கிலிருந்துதான் அடித்தது. காற்று தள்ளினால் மேற்கேதானே போக வேண்டும்?

நாகை அலையாத்தி:
அது கோளாறே இல்லை. வாலில் பிடிப்பு இருக்கிற ராக்கெட் காற்று வரும் பக்கம் மூக்கைத் திருப்பும், காற்றாடிச் சேவல் மாதிரி. உங்கள் தேருக்கு அடி அகலம், பிடிப்பு அதிகம். சாயங்காலத்தில் விடாதீர்கள். விடிந்ததும், கடல் காற்று எழும்புவதற்கு முன்னால் விடுங்கள். பாரத்தைக் கூட்டிச் சரிசெய்யப் போனால் இன்னும் அதிகமாகத்தான் திரும்பும்.

வெண்ணாற்றங்கரை:
இடம் பார்த்து விடுங்கள் அண்ணே. தாளடி அறுத்த வயல் வெறுமையாகத் தெரியும், அறுப்புக்கு முன்னாலேயே உளுந்தோ பயறோ தெளித்திருப்பார்கள். ராக்கெட்டைத் தேடிக்கொண்டு முளையை மிதித்தால் வயல்காரர் சும்மா விடமாட்டார். கரண்ட் கம்பி பக்கமும் வேண்டாம்.

மன்னை மைந்தன்:
அண்ணன் மரத்தில் ராக்கெட் என்றதும் ஞாபகம் வந்தது. ஜப்பான்காரர்கள் மரத்தில் செயற்கைக்கோளே செய்துவிட்டார்கள். லிக்னோசாட் என்று பெயர், கையளவு பெட்டி, 2024 நவம்பரில் விண்வெளி நிலையத்துக்குப் போனது. மக்னோலியா மரப் பலகைகளை ஆணியும் பசையும் இல்லாமல் பழைய தச்சு முறையில் கோத்திருக்கிறார்கள்.

ஆழித்தச்சன்:
ஆணி இல்லாமல் கோக்கிற வேலைதான் எங்களுக்குச் சோறு போடுகிறது. அதையும் செய்து பார்க்கலாம்.

கடைசியாக ஒரு சந்தேகம் ஐயா. இப்போது விட்டது கோபுரம் மாதிரிதான். எங்கள் ஆழித்தேரின் மரப்பகுதி கீழே குறுகி மேலே போகப் போக விரியும், அதற்கு மேல்தான் அலங்காரம் குவிந்து கலசம் வரும். அந்த வடிவத்தையே பறக்க விட முடியுமா?

குடமுருட்டி வாத்தியார்:
வெறுமனே பறக்காது. விரிந்த இடத்துக்குக் கீழே குறுகும் பாகம் காற்றை எதிர்ப்பக்கம் தள்ளும், அழுத்தமையம் மேலே ஏறிவிடும். மூக்கில் எவ்வளவு பாரம் போட்டாலும் எட்டிப் பிடிக்க முடியாது. அந்த வடிவம் வேண்டுமானால் இறக்கை வேண்டும், ஆனால் கண்ணுக்குத் தெரியாத இறக்கையாக இருக்கலாம். ஓஎச்பி தாள் மாதிரி கெட்டியான, ஒளி ஊடுருவும் தாளில் நான்கு இறக்கை வெட்டி, தேரின் அடிக்கும் கீழே நீட்டி ஒட்டுங்கள். பாட்டில் வாயிலிருந்து வரும் தண்ணீரில் படாமல் வெளிப்பக்கம் தள்ளி நிறுத்துங்கள். தாள் அட்டை தேர் ஒன்றை முதலில் அதே அளவில் செய்து கயிற்றில் சுற்றிப் பார்த்துவிட்டு, அப்புறம் தேக்கில் கை வையுங்கள்.