மல்லாட்டைத் தொலி எண்ணெய்: பணம் அனுப்பும் முன் படியுங்கள்

ஊர் உறவுகள் எல்லோருக்கும் வணக்கம்.

மல்லாட்டைத் தொலி (நிலக்கடலை ஓடு), கரும்புச் சோகை (காய்ந்த தோகை), சவுக்கு மிலாறு (சிறு கிளைகள்) எதைக் கொடுத்தாலும் டீசலாக்கித் தருவதாகச் சொன்ன கம்பெனியின் இயந்திரத்தை, நம் ஊர்ச் சங்கத்தின் சென்னைக் கிளை சார்பில் போன சனிக்கிழமை அம்பத்தூரில் பார்த்தோம். துபாய், சிங்கப்பூர் தம்பிகள் அதற்குப் பணம் அனுப்பத் தயாராக இருப்பதால் உடனே எழுதுகிறேன். இப்போதைக்கு அனுப்ப வேண்டாம்.

தொழில்நுட்பம் பொய்யில்லை. காற்றே படாமல் 500 டிகிரி சூட்டில் தொலியை வேகவைத்து, கிளம்பும் புகையைச் சட்டென்று குளிர வைத்தால் எண்ணெய் இறங்குகிறது. முகர்ந்து பார்த்தேன், கரி மூட்டத்தின் நெடி, கூடவே புளிப்பு. அதில் கால் பங்கு வரை தண்ணீர் இருக்கும். எலுமிச்சைச் சாற்றுக்குப் பக்கத்தில் வரும் அமிலத்தன்மை, இரும்பை அரித்துவிடும். கிலோவுக்குக் கிடைக்கும் வெப்பம் டீசலில் பாதிகூட இல்லை. அப்படியே ஊற்றினால் கொல்லையில் ஓடும் ஆயில் இன்ஜின் கெட்டுப்போகும். எடையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஆக்சிஜன் இருப்பதுதான் காரணம்.

அந்த ஆக்சிஜனைக் கழற்றத்தான் வினையூக்கி. பெரும்பாலும் இசட்.எஸ்.எம்.-5 என்ற ஜியோலைட், தாது மாதிரியான துளைகள் நிறைந்த பொருள். அதன் நுண்ணிய துளைகளில் புகை நுழைந்து வரும்போது ஆக்சிஜன் தண்ணீராகவும் கரியமில வாயுவாகவும் பிரிந்துவிடும். பெட்ரோலுக்கு நெருங்கிய சேர்மங்கள் மிஞ்சும். அருமையான வேலைதான். ஆனால் துளைகளில் சீக்கிரமே கரி படிந்து அடைத்துக்கொள்ளும், காற்று விட்டு எரித்து எரித்துச் சுத்தம் செய்ய வேண்டும். சோகைச் சாம்பலில் இருக்கும் பொட்டாசியம் சேர்ந்தால் எரித்தாலும் போகாது. எண்ணெயின் அளவும் நன்றாகக் குறைந்துவிடும். வினையூக்கியை எப்போது மாற்றுவது, விலை என்ன என்று இரண்டு முறை கேட்டோம். பதில் இல்லை.

சவுக்குக் கட்டையை மூட்டம் போட்டு நம் அப்பாக்கள் கரி எடுத்ததும் இதே வித்தைதான். அங்கிருந்தே தொடங்கலாம் என்பது என் கருத்து. மூடிய டிரம் ஒன்று போதும். வரும் புகையைக் குழாய் வழியாக அடுப்புக்கே திருப்பிவிட்டால் விறகும் மிச்சம், தெருவில் நெடியும் இருக்காது. கரியை விற்கலாம், தூளை எருவோடு கலந்து மணற்பாங்கான கொல்லைகளில் போட்டால் ஈரம் கூடுதலாக நிற்கும்.

அப்புறம் ஒரு வேண்டுகோள். சென்னை ஐ.ஐ.டி.யில், காற்றுப் படாமல் வேகவைக்கும் இந்த பைராலிசிஸ் ஆராய்ச்சி நடக்கிறது. நம்மூர்த் தொலி ஒரு மூட்டையோடு போய்க் கேட்கலாம் என்றிருக்கிறேன். கெமிக்கல் படித்த பிள்ளைகள் யாராவது பொங்கலுக்கு வருவதாக இருந்தால் எழுதுங்கள், சேர்ந்தே போவோம்.

அன்புடன்,
வேளச்சேரியிலிருந்து
சென்னைக் கிளைப் பொருளாளர்