பொதுச் சுகாதார இணையதளங்களும் மாற்றுத்திறனாளிப் பயனர்களும்: ஆய்வு அமர்வுகளில் நீங்கள் கண்டவை

கூடல்வாசி
தடுப்பூசி முன்பதிவுத் தளம் ஒன்றுக்கான பயனர் ஆய்வு அது. வந்திருந்த பார்வையற்ற ஆசிரியையின் கைபேசியில் டாக்பேக் (திரையில் உள்ளதைப் படித்துக்காட்டும் திரைவாசிப்பான்) பேசிய வேகத்தில் எங்களில் ஒருவருக்கும் ஒரு சொல்கூடப் பிடிபடவில்லை. பார்வையாளராக அமர்ந்திருந்த அதிகாரி, "கொஞ்சம் மெதுவாக வையுங்கள் மேடம், எங்களுக்கும் புரியட்டும்" என்றார். அவரும் மறுக்காமல் குறைத்தார். பழக்கமில்லாத அந்த வேகத்தில் அவர் தேதிக் கட்டத்தை அடைவதற்குள் உள்நுழைவு நேரம் காலாவதியாகி, தளம் மறுபடியும் ஓடிபி கேட்டது. "பயனர் மெதுவாக இயங்குகிறார்" என்று அதிகாரி குறிப்பெழுதியதை நான் அருகிலிருந்து பார்த்தேன். இன்றுவரை உறுத்துகிறது. புதிதாகப் பார்வை இழந்தவர்கள் அந்த மெதுவான வேகத்தில்தான் கேட்பார்கள் என்பதும், அவர்களுக்கு அந்த நேரம் போதாது என்பதும் உண்மை. ஆனால் அவர்களில் எவரையும் நாங்கள் அழைத்திருக்கவில்லை.

நொய்யல்
எங்கள் ஆய்வில் பங்கேற்க விரும்புவோர் தொடர்புகொள்ள ஒரு தொலைபேசி எண்ணை மட்டும் கொடுத்திருந்தார்கள். காது கேளாதவர் எப்படி அழைப்பார் என்று நிறுவனத்தில் எவரும் கேட்கவில்லை. மகள் மூலம் பேசி ஒருவர் வந்து சேர்ந்தார். "மனத்தில் தோன்றுவதைச் சொல்லிக்கொண்டே பயன்படுத்துங்கள்" என்பது இத்தகைய ஆய்வுகளின் வழக்கமான முறை. அவரோ சைகையில் பேச வேண்டுமானால் சுட்டியை விட வேண்டும். சைகை மொழிபெயர்ப்பாளரைப் பார்க்க வேண்டுமானால் திரையிலிருந்து கண்ணை எடுக்க வேண்டும். ஒரு கட்டத்தில் அவர் சுட்டியை எங்கள் பக்கம் நகர்த்திவிட்டு, இரண்டு கைகளையும் விரித்துக் காட்டினார். அதன்பின் முதலில் பயன்படுத்தவிட்டு, பிறகு திரைப்பதிவை ஓட்டிக்காட்டிக் கேட்டோம்.

பழையகணக்கு
முதல் பதிவருக்கு ஒரு கேள்வி. நேரம் போதாது என்பதைக் கண்டறிய ஓர் ஆசிரியையின் பாதி நாளைச் செலவிட்டிருக்க வேண்டுமா? கோவிட் தடுப்பூசி முன்பதிவுக்கான கோவின் தளத்தைப் பற்றி 31.05.2021 அன்றே உச்ச நீதிமன்றம் இதைச் சொல்லிவிட்டது: கேப்ட்சாவுக்கு (மனிதரா இயந்திரமா என்று சோதிக்கும் எழுத்துப்படம்) ஒலிவடிவம் இல்லை, எத்தனை ஊசி இருக்கிறது என்று தெரிந்தாலும் அது எந்த வயதினருக்கு என்று பார்வையற்றவரால் அறிய முடியவில்லை, தானாக வெளியேற்றிவிடாமல் போதிய அவகாசம் தர வேண்டும், மாற்றுத்திறனாளிகளுக்கான அணுகல் தணிக்கையும் நடத்த வேண்டும். 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டமும் இருக்கிறது.

என் அனுபவம் சிறியது: டெங்கு அறிவிப்பு ஒன்றை ஸ்கேன் செய்த படமாக ஏற்றியிருந்தார்கள், திரைவாசிப்பான் அந்தப் பக்கத்தில் வாய் திறக்கவில்லை. ஆகவே என் யோசனை, கேட்காவிட்டாலும் சொல்கிறேன். என்விடிஏ என்ற கணினித் திரைவாசிப்பான் இலவசம். ஆட்களை அழைக்கும் முன் அதை நிறுவித் திரையை அணைத்துவிட்டு நீங்களே ஒருமுறை பதிவு செய்து பாருங்கள். சுட்டியைக் கழற்றிவிட்டு டேப் விசையால் மட்டும் நகருங்கள். எழுத்தை இருநூறு விழுக்காடு பெரிதாக்குங்கள். பழைய எழுத்துருக்களில் தட்டிய தமிழை யூனிகோடுக்கு மாற்றுங்கள். இல்லாவிட்டால் திரைவாசிப்பானுக்கு அது பொருளற்ற ஆங்கில எழுத்துக்கோவை. இதெல்லாம் முடிந்தபின் ஆட்களை அழையுங்கள். அழைத்தால் பயணச் செலவோடு ஊதியமும் கொடுங்கள். திரைவாசிப்பான் படிக்கப் பெயரிடாத பொத்தானைக் கண்டுபிடிக்க மனிதர்களைக் கூலியின்றி வேலை வாங்குவது ஆய்வாகாது.

வடகரை
பழையகணக்கு அவர்களே, ஊதியம் பற்றி நீங்கள் சொன்னதை ஏற்கிறேன். மற்றது பாதிதான் சரி. என் அம்மா 1951-இல் பிறந்தவர், கை நடுக்கம் உண்டு. மருத்துவமனை முன்பதிவுப் பக்கத்தில் பிறந்த தேதிக்கு ஒரு நாட்காட்டி திறந்தது. ஆண்டைத் தட்டச்சு செய்ய இடமில்லை, பின்னோக்கிய அம்புக்குறியை மாதம் மாதமாக அழுத்த வேண்டும். அந்த அம்புக்குறிக்குப் பெயர் இருந்தது, நிறவேறுபாடு போதுமானதாக இருந்தது, விசைப்பலகையிலும் இயங்கியது. தானியங்கிச் சோதனைக் கருவி எதுவும் அதில் பிழை காட்டியிருக்காது. அம்மா 2014 வரை போய், கை ஓய்ந்து, அதையே ஒப்புக்கொண்டு அழுத்திவிட்டார். குழந்தைகள் நலப் பிரிவுக்கு டோக்கன் வந்தது. நுழைவாயிலில் இருந்த செவிலியர் அதைக் கையால் திருத்தித் தந்தார். அவரிடம் விசாரித்தபோது, வயதானவர்களுக்கு இப்படித் திருத்துவது அவருக்கு அன்றாட வேலை என்று தெரிந்தது. ஆய்வாளர்கள் அவரையாவது கேட்டிருக்கலாம்.